திருநகரில் அம்பாசிடர் பார்த்துத் தந்த பெரியவருக்கு நன்றி

கடந்த ஞாயிறு காலை, திருநகரில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவின் பழைய அம்பாசிடரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, டிவிஎஸ் 50-ஐ ஓரங்கட்டி நிறுத்திய பெரியவருக்கு இந்த நன்றி. பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் டாப்பெட் (வாயு வழிகளைத் திறந்து மூடும் வால்வுகளைத் தள்ளும் பாகம்) சத்தம் தாங்காமல், எல்லா வால்வுகளையும் நானே குத்துமதிப்பாக இறுக்கி வைத்திருந்தேன். சத்தம் அடங்கியது, ஆனால் இழுவையும் சேர்ந்தே போனது. நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்ட அவர், "தம்பி, சத்தம் போடுற டாப்பெட்டுக்குப் பயப்படாதீங்க, சத்தமே போடாததுக்குத்தான் பயப்படணும்" என்றார். டாப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவே சிறு இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுமையாக மூடாது, சூடு இறங்க வழியின்றி அதன் விளிம்பு கருகிவிடும் என்று விளக்கினார்.

பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றச் சொல்லி, ஹேண்டிலால் எஞ்சினை மெல்லச் சுற்றவைத்து, ஒன்பது கணக்கைக் கற்றுத்தந்தார்: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதையும், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதையும், இப்படிக் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது வருமாறு சரிசெய்ய வேண்டும். அந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு லேசாகப் பிடித்து நகரும் அந்தப் பதத்தை, என் விரல்மேல் தம் விரலை வைத்தே உணர்த்தினார். (பக்கம் பக்கமாகப் படித்தும் பிடிபடாத பதம் அது.)

கூலி வாங்க மறுத்து, ஒரு தேநீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிய ஐயா, நேற்று திருமங்கலம் வரை போய் வந்தேன்; வண்டி நன்றாக இழுக்கிறது.