விரல் வலிக்கு ஒரு மைப் பேனா

மன்னார்குடி

அன்புள்ள கயல்,

இரண்டு விடை எழுதி முடிப்பதற்குள் கட்டைவிரலின் அடியில் இழுக்கிறது, நடுவிரல் காய்த்துப்போய்விட்டது என்று நேற்று போனில் சொன்னாய். அதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அம்மா தைலம் அனுப்புகிறாள், தடவிக்கொள். அதோடு என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன்: ஒரு மைப் பேனா வாங்கு. பெரிய விலை வேண்டாம். 500 ரூபாய்க்குள் நல்ல பேனா கிடைக்கும். சிவில் சர்வீஸ் மெயின்ஸ் தேர்வுக்கு இன்னும் மாதங்கள் இருக்கும்போதே வாங்கினால் கை பழகிவிடும். அதற்கப்புறமும் வலி குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டத் தள்ளிப்போடாதே.

நீ எழுதப்போகிற அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜிஎஸ் என்கிற பொது அறிவுத் தாள் ஒன்றில் 20 கேள்வி. பத்துக்கு 150 சொல், பத்துக்கு 250 சொல். ஆக 3 மணி நேரத்தில் 4000 சொல். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு தாள். நீ எழுதுவது தமிழில். நம் எழுத்தில் சுழி, கொம்பு, கால், வளைவு எல்லாம் உண்டு. ஒரு 'ணை' எழுத விரல் எத்தனை திரும்பு திரும்புகிறது பார். நாள் முழுக்க பால்பாயிண்டை அழுத்திக்கொண்டு இதை எழுதினால் விரல் என்ன ஆகும்?

பால்பாயிண்டின் நுனியில் ஒரு சின்னக் குண்டு இருக்கிறது. அது உருண்டால்தான் பசை மாதிரி இருக்கும் மை தாளில் இறங்கும். உருளவேண்டுமானால் தாளோடு அழுந்த வேண்டும். அந்த அழுத்தத்தை உன் மூன்று விரல்களும் மணிக்கணக்கில் தாங்குகின்றன. ஜெல் பேனாவில் மை கொஞ்சம் இளகியிருக்கும், அழுத்தம் குறையும். ஆனால் அழுத்திப் பழகிய கை அதையும் அழுத்தத்தான் செய்யும். மைப் பேனாவில் குண்டு கிடையாது. நிப்பின் நடுவில் தலைமுடி கனத்தில் ஒரு பிளவு. அடியில் காடி வெட்டிய நாக்கு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்தப் பிளவு மையை நுனி வரை இழுத்துவைத்திருக்கும். பள்ளியில் நுண்புழை ஏற்றம் என்று படித்திருப்பாயே, அதுதான். நுனி தாளைத் தொட்டால் போதும், மை இறங்கும். இறங்கிய மைக்கு ஈடாக நாக்கின் காடி வழியே காற்று உள்ளே போகும். இந்தக் கொடுக்கல் வாங்கல் சீராக நடக்கும்படி நாக்கைச் செதுக்கியதற்குத்தான் 1884இல் அமெரிக்காவில் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு நூறு ரூபாய்ப் பேனாவுக்குள்ளும் அதே ஏற்பாடு.

முப்பது வருஷத்துக்கு மேல் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவன் நான். கணினி அச்சு வருவதற்கு முன்னால் கிரயம், பாகப் பிரிவினை, அடமானம் எல்லாம் கையெழுத்துத்தான். முகூர்த்த நாளில் ஒரு மேஜையில் ஐந்தாறு பத்திரம் சேர்ந்துவிடும். சொத்து விவரம், நான்கெல்லை, சர்வே எண் என்று முத்திரைத்தாளில் நெருக்கி எழுதவேண்டும். ஒரு சொல் பிசகினால் பத்திரத்தின் கடைசியில் அடித்தல் திருத்தல் என்று குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும். மைப் பேனா இருந்ததால்தான் அந்த வேலையைக் கை தாங்கியது. அதில் எழுதும்போது ஒரு நிதானம் வரும். நாலு வரிக்கு யோசித்துவிட்டு நாலு வரி எழுதுவோம். 250 சொல்லில் ஒரு விடையை அடக்கவேண்டிய உனக்கும் அந்த நிதானம் உதவும் என்று நம்புகிறேன்.

சரி, எங்கே வாங்குவது? உனக்குக் கிட்டத்திலேயே இருக்கிறது. அண்ணா நகரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் ஹைகோர்ட். அங்கே என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் ஜெம் அண்ட் கோ என்று பழைய பேனாக் கடை. பேனா விற்பதோடு ரிப்பேரும் பார்ப்பார்கள். ஆன்லைனில் வாங்கினால் பத்து இருபது ரூபாய் குறையலாம். ஆனால் மைப் பேனாவை எழுதிப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு பேனா ஒரே மாதிரி எழுதாது, விலை குறைந்த பேனாவில் இது ரொம்ப நிஜம்.

கடையில் நிப்பைக் கண்ணுக்கு நேரே, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடி. பிளவின் இரண்டு பக்கமும் நுனியில் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் தாளைக் கீறும், அதை வைத்துவிட்டு வேறு கேள். அப்புறம் மையில் தோய்த்துத் தரச் சொல்லி எட்டு எட்டாகப் போட்டுப் பார். எல்லாப் பக்கம் திரும்பும்போதும் கோடு விடாமல் வரவேண்டும். எட்டுப் போட்டதும் வந்துவிடாதே. 'ழ', 'ஞ', 'ணை', 'றி' என்று எழுதிப் பார். நிப் பட்டையாக இருந்தால் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். திருத்துகிறவர் கண்ணுக்கு 'ன'வும் 'ண'வும் ஒன்றாகத் தெரிந்தால் உனக்குத்தான் நஷ்டம். தமிழுக்கு ஃபைன் என்கிற மெல்லிய நிப்தான் சரி.

எந்தப் பேனா என்றால், என் மனம் முதலில் பிளாட்டினம் ப்ரெப்பிக்குப் போகிறது. ஜப்பான் பேனா. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், பார்க்கச் சாதாரணமாக இருக்கும். 03 என்று போட்டிருப்பது ஃபைன். ஜப்பான்காரர்களின் ஃபைன் மற்ற நாட்டு ஃபைனைவிட மெலிசு, அவர்கள் எழுத்திலும் கோடுகள் நெருக்கம் அல்லவா. அதன் மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த இன்னொரு சின்ன மூடி இருக்கிறது. மாதக்கணக்கில் மூடிவைத்தாலும் மை காயாது. மை கார்ட்ரிட்ஜ் என்கிற சின்னக் குழாயில் அடைத்து வரும், தீர்ந்ததும் புதிது வாங்கவேண்டாம். மருந்துக்கடையில் ஒரு சிரிஞ்ச் வாங்கி, காலி கார்ட்ரிட்ஜிலேயே புட்டி மையை நிரப்பிக்கொள்ளலாம். புட்டியிலிருந்து மையை உறிஞ்ச கன்வெர்ட்டர் என்று தனியாக விற்கிறார்கள், அந்தக் காசுக்கு இன்னொரு ப்ரெப்பியே வாங்கிவிடலாம்.

அது கிடைக்காவிட்டால் ஹீரோ. ஷாங்காய் பேனா, உன் சித்தப்பா காலேஜ் முழுக்க அதில்தான் எழுதினான். நிப் கழுத்துக்குள் ஒளிந்து நுனி மட்டும் தெரியும், அதனால் ஃபேன் காற்றில் சீக்கிரம் உலராது. நிப்பை மைக்குள் விட்டு உள்ளே இருக்கும் மைக்குழாயை அமுக்கி அமுக்கி விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் போலி அதிகம், தரமும் ஏறுக்குமாறு. நாலைந்து எழுதிப் பார்த்து ஒன்றை எடு. நம் ஊர்ப் பேனாதான் வேண்டும் என்றால் கேம்லின் இருக்கிறது, கான்பூரிலிருந்து வரும் கான்ரைட் இருக்கிறது. இரண்டையும் கேட்டுப் பார்.

ஃபில்லரால் மை ஊற்றும் பழைய மாதிரிப் பேனா எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு மூன்று மில்லி மை பிடிக்கும், நாள் கணக்கில் எழுதலாம். ஆனாலும் தேர்வுக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன். மை பாதிக்குக் கீழே போனதும் உள்ளே காற்று நிறைந்துவிடும். உள்ளங்கைச் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும், பேனா திடீரென்று தாளில் ஒரு பொட்டு கக்கிவிடும். அதோடு அந்தப் பேனாக்களுக்குப் பெரும்பாலும் திருகு மூடி. யோசிக்கும்போதெல்லாம் திருகித் திறந்து மூட உனக்கு நேரம் ஏது? அழுத்தினால் மூடிக்கொள்ளும் மூடியாகப் பார்.

திருவள்ளூரில் ரங்கா பேனா என்று ஒரு குடும்பம் கையால் கடைந்து செய்கிறது. எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். பிளாஸ்டிக் தராத ஒரு பிடிமானம் அதில் இருக்கும், தொட்டால் சில்லென்று இராது. விலை ஆயிரங்களில் போகும். உன் தேர்வு முடிவு வந்ததும் நாம் இரண்டு பேரும் போய் உன் கை அளவுக்கு ஒன்று செய்யச் சொல்வோம். இப்போது வேண்டாம். விலை உயர்ந்த பேனா கையில் இருந்தால் கீழே விழுமோ, தொலையுமோ என்று பாதிக் கவனம் அதில் போகும். படிக்கிறவளுக்கு, போனால் போகட்டும் என்று வேறொன்றை எடுத்துக்கொள்ளும்படியான பேனாதான் வசதி. ஒரே மாதிரி இரண்டு வாங்கிக்கொள்.

மைக்கு கேமல், பிரில் எதுவானாலும் போதும், புட்டி 100 ரூபாயைத் தாண்டாது. நுழைவுச்சீட்டில் என்ன நிறம் சொல்கிறார்களோ அதே நிறத்தில் இன்றிலிருந்தே பழகு. ராயல் ப்ளூ அழகுதான், ஆனால் தண்ணீர் பட்டால் ஓடிவிடும். என்னிடம் மூலப் பத்திரம் என்று 1950, 60களில் எழுதியதைக் கொண்டுவருவார்கள். ப்ளூ-பிளாக்கில் எழுதியது பழுப்பேறியிருந்தாலும் ஒரு எழுத்துப் பாக்கியில்லாமல் படிக்கமுடியும். அந்த மையில் இரும்பு உப்பு இருந்தது, காற்றுப்பட்டுக் கறுத்துத் தாளோடு பிடித்துக்கொள்ளும். வெறும் சாய மையில் எழுதி ஓலைக் கூரை ஒழுகி நனைந்த பத்திரத்தில் தாத்தா பெயரே இருக்காது. குடும்பமே நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது புட்டியில் ப்ளூ-பிளாக் என்று வருவதில் பெரும்பாலும் சாயம்தான். எதுவானாலும் சென்னை வேர்வை சும்மா விடாது, எழுதும்போது உள்ளங்கைக்கு அடியில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள். படம் வரைகிற இந்தியன் இங்கை மட்டும் தப்பித்தவறியும் ஊற்றாதே. அதில் அரக்கு இருக்கும், உள்ளே காய்ந்தால் பேனா அதோடு சரி.

வாங்கியதும் பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்து கழுவு, செய்யும்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை போகும். வெந்நீர் வேண்டாம், நாக்கு வளைந்துவிடும். பிறகு மாதம் ஒருமுறை, நிறம் மாற்றும்போது ஒருமுறை கழுவினால் போதும்.

முதல் வாரம் கையெழுத்து கோணலாக வரும், பயப்படாதே. பேனாவை நட்டுக்குத்தலாகப் பிடிக்காமல் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் சாய்த்துவிடு. நிப்பின் முகம் மேலே பார்க்கவேண்டும். விரலை மட்டும் ஆட்டாமல் மணிக்கட்டோடு முழங்கையும் நகரட்டும். அழுத்தத் தோன்றும்போதெல்லாம் பிடியைத் தளர்த்து. முதலில் நாளுக்கு ஒரு பக்கம், பிறகு ஒரு விடை, பிறகு முழுத் தாள் என்று கூட்டு. பயிற்சிக்கு 75, 80 ஜிஎஸ்எம் கனத்தில் தாள் வாங்கு. நம் கரூர் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் டிஎன்பிஎல் ஆலைத் தாளிலேயே எனக்கு மை பரவாமல் நன்றாக நிற்கிறது. ஆனால் தேர்வில் அவர்கள் கொடுக்கும் தாளில்தான் எழுதியாகவேண்டும். அதனால் வாரத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே மட்டமான தாளிலும் எழுதிப் பார். எவ்வளவு நேரத்தில் காய்கிறது, பக்கம் திருப்பினால் ஒட்டுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். முதல் கட்டத் தேர்வான பிரிலிம்ஸில் விடை வட்டம் கறுக்க பால்பாயிண்ட்தான் கேட்பார்கள், பழையதை எறிந்துவிடாதே.

தேர்வுக்கு முந்தின இரவே இரண்டு பேனாவிலும் மை நிரப்பி, நிப் மேலே இருக்கும்படி பையில் வை. பஸ்ஸில் குலுங்கினால் மை மூடிக்குள் இறங்கியிருக்கும், திறந்ததும் ஒருமுறை துடைத்துவிட்டு எழுது. உதறாதே, முன்னால் இருக்கிற பிள்ளையின் சட்டை பாவம்.

உன் கணக்கில் 1000 ரூபாய் போட்டிருக்கிறேன், இரண்டு பேனாவுக்கும் மைக்கும் சேர்த்து. அதை மெஸ்ஸுக்குச் செலவழிக்காதே, சாப்பாட்டுக்கு வேண்டும் என்றால் தனியாகக் கேள். வாங்கி ஒரு வாரம் ஆனதும் ஒரு விடையை அந்தப் பேனாவில் எழுதித் தபாலில் அனுப்பு. வாட்ஸ்அப்பில் படம் வேண்டாம். தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தால்தான் நீ இன்னும் அழுத்துகிறாயா என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அப்பா