மூச்சை விடச் சொன்னேன்

காரைக்குடி

வசந்தி,

எட்டு மாதமாக மூச்சே விடவில்லை, திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. இப்போது என் நரைமுடியை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நம்ம ‘கலெக்டர்’ மறுபடியும் கட்சி மாறிவிட்டானாம்!

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் 19 வயசுப் பெண் ஒருத்தி வந்தாள். சாப்பிட்டால் மேல்வயிற்றில் பிடுங்கும் வலி. சோற்றுக்கே பயந்து 11 கிலோ இறங்கியிருந்தாள். இரண்டு எண்டோஸ்கோபி, மூட்டை மூட்டையாகக் கேஸ் மாத்திரை, அப்புறம் மனநல டாக்டர். “வேப்பிலைகூட அடிச்சாச்சு” என்றார் கூட வந்த அப்பத்தா. ஃபைலில் ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய ஸ்கேன், ‘நார்மல் ஸ்டடி’. கீழே என் கையெழுத்து.

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. ரத்த ஓட்டத்தின் வேகத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனைப் போட்டேன். பழக்கதோஷம், “மூச்சை இழுத்துப் பிடிம்மா” என்றுதான் வாயில் வந்தது. இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் கொண்டுபோகும் சீலியாக் தமனியில் வேகம் நொடிக்கு 170 சென்டிமீட்டர், தொந்தரவில்லை. “இப்ப முழுசா விட்டுட்டு அப்படியே இரு” என்றேன். 380! குழாய் குறுகினால்தானே ரத்தம் இப்படிப் பாயும்? தமனி கொக்கி மாதிரி மேலே வளைந்து நசுங்கிக் கிடந்தது. எழுப்பி நிற்கவைத்தால் வேகம் தணிகிறது. மீடியன் ஆர்குவேட் லிகமென்டேதான், உதரவிதானத்தின் அந்த நார்ப்பட்டை. மூச்சை விட்டால் தமனி மேலேறி அதில் போய் மாட்டுகிறது, இழுத்தால் கீழிறங்கித் தப்பிக்கிறது. கல்லீரல் தெரிய வேண்டுமென்று நாம் எல்லாரையும் இழுத்துப் பிடிக்கச் சொல்கிறோமே, அதுவே இதை மறைத்திருக்கிறது. இந்த நோயைப் பற்றி 1963-இல் டாக்டர் ஹார்யோலா எழுதியது, 1965-இல் டாக்டர் டன்பார் எழுதியது. நாம் வைவா வாய்மொழித் தேர்வுக்காக ஒரு வரி உருப்போட்டோம், அவ்வளவுதான்.

இப்போது வருகிறவர்களை எல்லாம் மூச்சை விடச் சொல்கிறேன். டெக்னீஷியன் பையன் எனக்கு ‘பிராணாயாமம் மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டான். இடது சிறுநீரகச் சிரை இரண்டு தமனிகளுக்கு நடுவே நசுங்கும் அந்த ‘நட்கிராக்கர்’ கோளாறையும் விடாமல் தேடுகிறேன். பைத்தியம்தான்.

ஆனால் வசந்தி, வலியே இல்லாத பலருக்கும் இந்த அமுக்கம் இருக்கிறதே. குற்ற உணர்ச்சியில் பெரிதுபடுத்துகிறேனா? மூச்சை விட்ட நிலையில் எடுத்த சி.டி. ஆஞ்சியோவும் (ரத்தக்குழாய் ஸ்கேன்) அதையே காட்டுகிறது, சரி. லேப்ராஸ்கோப்பில் அந்த நார்ப்பட்டையை வெட்டிய பிறகும் வலி போகாவிட்டால்? வெட்டுகிறவள் நீ, நீ சொல். அவசரப்படாதே, மற்ற காரணங்கள் எதுவும் இல்லையென்று நீயும் ஒருமுறை உறுதி செய்துகொள்.

திங்கட்கிழமை கோயம்புத்தூர் பஸ் ஏறுகிறார்கள். பழைய ரிப்போர்ட்டும் ஃபைலில்தான் இருக்கிறது, எடுக்கவில்லை. அது என்னுடையது என்று அப்பத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சொல்லிவிடாதே. பஸ் ஏற்றிவிட நானே போகிறேன், அங்கே சொல்கிறேன்.

உன்
மீனா