தேநீர்க் கெண்டி

அன்புள்ள கண்ணா,

போன வாரம் நீ போனை வைத்த பிறகு உன் அப்பா வெகுநேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கோபம் என்றால் எனக்குத் தெரிந்துவிடும், டிவியைச் சத்தமாக வைப்பார். அன்று வைக்கவில்லை. அருகில் போய் என்னவென்று கேட்டேன். "பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவுல ஒரு தேநீர்க் கெண்டி சுத்துதாமே?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பேச்சு முழுக்க என் காதிலும் விழுந்தது, அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தானே பேசுவார். உனக்கு மறுநாள் இண்டர்வியூ. "உனக்காக வேண்டிக்கிட்டேன்" என்றார். நீ பர்ட்ரண்ட் ரசல் என்கிற ஆங்கிலேயத் தத்துவ அறிஞரை இழுத்துக்கொண்டு வந்தாய். எந்தத் தொலைநோக்கிக்கும் தென்படாத ஒரு சின்னப் பீங்கான் கெண்டி சூரியனைச் சுற்றுகிறது என்று ஒருவன் சொன்னால், இல்லை என்று நிரூபிப்பது மற்றவர்கள் வேலையா என்று ரசல் 1952இல் எழுதியதை, கொஞ்சம் வேகமாகவே, ஒப்பித்தாய். பதில் வரவில்லை என்றதும் உன் குரலில் ஒரு திருப்தி வந்ததே, அதுவும் கேட்டது.

நானும் உன் கட்சிதான், மறந்துவிடாதே. நீ வளர்ந்து என் பக்கம் வரும்வரை இந்த வீட்டில் கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரே ஆள் நான். அப்பாவுக்கு வக்கீலாக இதை எழுதவில்லை. ரசல் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இருக்கிறது என்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும், சரி. ஆனால் அப்பா அன்று இருக்கிறது என்று உன்னிடம் வாதாட வரவில்லையே. மகனுக்கு நாளைக்கு இண்டர்வியூ, தன்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை, தெரிந்த ஒன்றைச் செய்தார், செய்ததை உன்னிடம் சொன்னார். கேட்காத கேள்விக்கு நீ பதில் சொல்லிவிட்டாய்.

இதை நான் எங்கிருந்து கற்றேன் என்று சொல்கிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

கல்யாணமான புதிது. உன் பாட்டிக்கு அப்பாவுக்குப் பிறகு ஒரு பையன் பிறந்து, மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டான். இருந்திருந்தால் உனக்குச் சித்தப்பா. ஒரு மத்தியானம் பாட்டி அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சுருட்டை முடி, எதைப் பார்த்தாலும் 'அது என்ன' என்று கேட்பான், இப்படி. கடைசியில், "கடவுள்கிட்ட பத்திரமா இருக்கான்" என்றார். எனக்கு இருபத்து நாலு வயது, படித்த திமிர். "காப்பாத்தாதவர் எப்படிம்மா பத்திரமா வச்சிருப்பார்?" என்று கேட்டேன். கேள்வியில் தப்பில்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் எனக்குச் சரியான பதில் சொன்னதில்லை. ஆனால் பாட்டி அதற்கப்புறம் இருபத்தாறு வருடம் உயிரோடு இருந்தார், ஒரு நாளும் அந்தப் பையனின் பேச்சை என்னிடம் எடுக்கவில்லை. அவர் நம்பிக்கை ஒரு நூல் அளவும் குறையவில்லை. அவன் வேறு என்னவெல்லாம் செய்வான் என்று எனக்குத் தெரியாமல் போனதுதான் மிச்சம்.

நான் செய்திருக்கக்கூடியது ரொம்பச் சின்ன காரியம். 'ஆமாம்மா' என்று பொய்யாகத் தலையாட்டச் சொல்லவில்லை. அவன் பேர் என்னம்மா என்று கேட்டிருக்கலாம்.

சார்லஸ் டார்வினை நீ மேற்கோள் காட்டிப் பேசுவாய். அவர் வீட்டில் இதே கதை நடந்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவருடைய அப்பா, மத விஷயத்தில் உனக்கிருக்கும் சந்தேகங்களை மனைவியாக வரப்போகிறவளிடம் மறைத்துவிடு என்று சொல்லியிருக்கிறார். இவர் மறைக்கவில்லை. எம்மாவுக்கோ ஆழ்ந்த நம்பிக்கை. 1839இல் கல்யாணமான சில வாரங்களில் எம்மா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார், ஒரே வீட்டில் இருந்துகொண்டே. நிரூபிக்கும்வரை எதையும் நம்பக்கூடாது என்கிற ஆராய்ச்சிப் பழக்கம், அப்படி நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் உங்களைப் பாதித்துவிடுமோ என்று கேட்கிறார். நாம் என்றென்றைக்கும் ஒருவருக்கொருவர் இல்லை என்று நினைத்தால் என்னால் தாங்க முடியாது என்கிறார். அந்தப் பெண்ணுக்கு மறுமை என்பது தத்துவமே இல்லை. இவரைச் செத்த பிறகும் பார்க்க முடியுமா, அதுதான் அவருடைய கேள்வி. டார்வின் அந்தக் கடிதத்தைக் கடைசிவரை வைத்திருந்தார். நான் இறந்த பிறகு தெரிந்துகொள், இதை எத்தனையோ முறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று அதிலேயே எழுதி வைத்தார்.

அதற்காக அவர் மனதை மாற்றிக்கொண்டாரா? இல்லை. 1851இல் பத்து வயது மகள் ஆனி இறந்தாள். குடும்பம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குள் போகும்போது அவர் வெளியே நடக்கப் போய்விடுவார். போகாதே என்று அவரும் சொல்லவில்லை, வா என்று அந்த அம்மாவும் இழுக்கவில்லை. 1880இல் ஒரு நாத்திகர் தன் புத்தகத்தை அவருக்குச் சமர்ப்பிக்க அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டார். மதத்தை நேரடியாகத் தாக்குவதால் மக்களிடம் அனேகமாக ஒரு பலனும் இல்லை, அறிவியல் வளர வளர மனங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வரும், அதுதான் வழி என்று பதில் எழுதினார். அதோடு, என் குடும்பத்தில் சிலருக்கு வலிக்குமே என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். எனக்கு இந்த இரண்டாவது வரிதான் பிடித்தது.

முழுக்க இனிமையான கதை என்றும் நினைத்துவிடாதே. அவர் இறந்த பிறகு 1887இல் சுயசரிதை அச்சானபோது, மதத்தைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்த இடங்கள் எம்மாவுக்காக நீக்கப்பட்டன. பேத்தி நோரா பார்லோ 1958இல் எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துப் பதிப்பித்தார். எழுபத்தொரு வருடம்! நம்பாதவர் மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் அதுவும் நியாயம் இல்லை.

ஆகவே உன்னை வாயை மூடிக்கொள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அப்பா என்னோடு எவ்வளவு சண்டை போட்டிருக்கிறார் தெரியுமா? நீ தூங்கிய பிறகு மணிக்கணக்கில். மணிமேகலையில் ஒரு காதை முழுக்க, 27ஆவது காதை, அவள் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்டுக்கொண்டே வருவாள். கடைசியில் வருகிற பூதவாதிதான் நம் ஆள். கண்ணால் காண்பதைத் தவிர எதுவும் இல்லை, மறுபிறவியும் இல்லை என்கிறவன். அவனிடம் அவள் கேட்பாள்: உன் தாய் தந்தையர் இவர்கள்தான் என்று அனுமானத்தால் அல்லாமல் நீ எப்படி அறிவாய்? அப்பா இதை ஒரு ராத்திரி என் மேல் வீசினார். உடனே பதில் வரவில்லை எனக்கு. அனுமானத்தை நான் மறுக்கவில்லை, சோதித்துப் பார்க்க முடிகிற அனுமானமா என்றுதான் கேட்கிறேன் என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். சிரித்தார். அந்தச் சண்டைகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் இரண்டு பேரும் சண்டைக்கென்றே உட்கார்ந்தோம்.

அந்தக் காலத்தில் இன்னொரு நல்ல பழக்கம் உண்டு. எதிராளியை மறுப்பதற்கு முன் அவன் சொல்வதை முதலில் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். சிவஞான சித்தியார் என்கிற சைவ நூலில் பரபக்கம், அதாவது பிற கொள்கைகளை மறுக்கும் பகுதி, அதில் முதலில் வருவதே உலோகாயதன் வாதம்தான், கண்ணால் காண்பதை மட்டும் நம்புகிற நம் ஆள். அதை ஒழுங்காக எடுத்து வைத்துவிட்டுத்தான் மறுக்கிறார்கள். நம் கட்சிக்காரர்களின் பழைய நூல்கள் அனேகமாக எல்லாமே அழிந்துபோயின. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நமக்குப் பெரும்பாலும் தெரிவதே, அவர்களை மறுத்தவர்கள் எழுதி வைத்ததால்தான். யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்பா ஏன் நம்புகிறார் என்று அவரே 'ஆமா, அதான்' என்று சொல்லும்படி உன்னால் எடுத்துச் சொல்ல முடியுமா? என்னால் இத்தனை வருடத்துக்குப் பிறகு ஓரளவு முடியும். 'பயம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாயானால் உனக்கு அவரைத் தெரியவில்லை.

இதில் ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். பாட்டி விஷயத்துக்குப் பிறகு நான் ரொம்ப நல்லவளாகிவிட்டேன். யார் கடவுளைப் பற்றிப் பேசினாலும் ஒரு புன்சிரிப்பு. பாவம், ஆறுதலுக்காக நம்புகிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று. ஒரு நாள் அப்பா, "நீ சண்டை போட்டாக்கூடப் பரவாயில்லை, இப்படிச் சிரிக்காதே" என்றார். சுருக்கென்று இருந்தது. அவர் ஆறுதலுக்காக நம்பவில்லை, உண்மை என்று நினைத்து நம்புகிறார். அவரைக் குழந்தையாக்கிவிட்டு நான் பெரிய மனுஷியாக நின்றுகொண்டிருந்தேன். உன் கெண்டியாவது அவரைச் சமமாக வைத்துப் பேசியது, அதற்கு உனக்கு ஒரு மார்க் போடலாம்.

பேசியே ஆகவேண்டிய இடமும் உண்டு. பிரார்த்தனை போதும், மருந்து வேண்டாம் என்று ஒரு குழந்தையை வீட்டிலேயே வைத்திருந்தால் அங்கே மரியாதை பார்க்காதே. யாரையாவது தாழ்ந்தவர் என்றோ தீட்டு என்றோ கடவுள் பேரைச் சொல்லி ஒதுக்கினாலும் அப்படித்தான். அப்போதுகூட அந்த ஆளின் கடவுள் இருக்கிறாரா என்பது உன் பிரச்சினை இல்லை, அந்தக் குழந்தைதான். சாமியே இல்லை என்று நிரூபித்த பிறகுதான் டாக்டரிடம் போவது என்றால் குழந்தை தாங்காது. மருந்தும் கொடுங்கள், வேண்டிக்கொள்ளவும் செய்யுங்கள் என்றால் காரியம் நடக்கும். இதற்கு நம் கட்சியில் சிலர் என்னைக் கோழை என்பார்கள். சொல்லட்டும்.

பொய் மட்டும் சொல்லாதே. அப்பா வேண்டும்போது நான் பக்கத்தில் உட்காருவேன், உதடு அசைக்க மாட்டேன். அது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அவர் "வேண்டிக்கிட்டேன்" என்றால் நீ "எனக்கு அதில் நம்பிக்கை இல்லைப்பா, ஆனா நீங்க என்னை நினைச்சுட்டே இருந்தீங்கன்னு தெரியுது" என்று சொல்லலாம். நாடகம் மாதிரி இருக்கிறது என்றால் "சரிப்பா" போதும். அல்லது என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்டுப் பார். வேலை கிடைக்க வேண்டும் என்று இல்லை. எனக்குத் தெரியும், ஆனால் அவரே சொல்லட்டும்.

அப்புறம் இன்னொன்று. மூன்று நாளாக அவர் ஒரு நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருக்கிறார். நேற்று என்னை உட்கார வைத்து வாசித்துக் காட்டினார். கெண்டிக்குப் பதில். கெண்டி என்றால் உலகத்துக்குள் இருக்கும் இன்னொரு பொருள், நான் சொல்வது பொருளே இல்லையே, அப்புறம் தொலைநோக்கி எதற்கு என்று ஆரம்பிக்கிறது. அதில் ஒரு ஓட்டை இருக்கிறது, நான் சொல்லவில்லை, நீயே கண்டுபிடி. ஆனால் முழுசாக வாசிக்க விடு, நடுவில் பேசாதே. சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கூப்பிடு, அதற்குள் இன்னொரு பக்கம் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மா