பக்கவாதத்துக்கு ஆறு மாதக் கெடு ஏது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதம் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். முதல் சில மணி நேரச் சிகிச்சையின் அவசரத்தை அத்தனை தெளிவாக விளக்கிய கட்டுரையாளர், ஆறு மாதங்களுக்குப் பிறகு நடையில் முன்னேற்றம் இராது என்று ஒரே வரியில் முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தந்தைக்கும் இதையே சொல்லித்தான் பயிற்சியை நிறுத்தினார்கள். அவரும் அதை நம்பி நாற்காலியே கதியென்று இருந்துவிட்டார்.

2023இல் ‘ஜாமா நியூராலஜி’ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் பங்கேற்ற 55 பேரும் பக்கவாதம் வந்து ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை ஆனவர்கள். வாரத்துக்கு மூன்று நாள், நாளொன்றுக்கு 45 நிமிடம் என 12 வாரம் பயிற்சி பெற்றபின், ஆறு நிமிடத்தில் அவர்கள் நடக்கும் தூரம், மிதமாக நடந்து பழகியவர்களுக்குச் சராசரியாக 27 மீட்டரும், சிறிது நேரம் தம்மால் இயன்ற வேகத்தில் நடந்து, இளைப்பாறி, மீண்டும் வேகமெடுத்தவர்களுக்கு 71 மீட்டரும் கூடியது. இதயப் பரிசோதனைக்குப் பிறகு, கண்காணிப்புடன் தந்த பயிற்சி இது. வீட்டில் தாமாகத் தொடங்கக் கூடியதன்று.

வேகமும் தாக்குப்பிடிக்கும் திறனும் வேறு வேறு என்பதையும் சொல்ல வேண்டும். என் தந்தை 10 மீட்டரை 20 விநாடியில் கடப்பார். அதே வேகம் நீடித்தால் ஆறு நிமிடத்தில் 180 மீட்டர் போக வேண்டும். ஆனால் 130 மீட்டரிலேயே, காலை வீசி வீசி வைத்த களைப்பில் உட்கார்ந்துவிட்டார். விநாடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே என்றால் வீட்டோடு சரி, 0.8 மீட்டரைத் தாண்டினால் வெளியே தாராளமாகப் போகலாம் என்பது 1995 முதல் மருத்துவர்கள் கையாளும் கணக்கு. சாலை சிக்னல்களோ பெரும்பாலும் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரை எண்ணி அமைக்கப்படுகின்றன. (அந்த வேகத்தில் நடக்கும் முதியவர் எத்தனை பேர் என்பது தனிக் கேள்வி.)

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கவாதம் வந்து எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், 10 மீட்டர் நடையையும் ஆறு நிமிட நடையையும் அவர்கள் ஆண்டுக்கு இருமுறையேனும் அளந்து குறிக்க வேண்டும். ஒரு டேப்பும் கடிகாரமும் போதும். அந்த ஒற்றை வரிக்குத் தாங்களும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்.