சுவரும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம்

ஆசிரியருக்கு,

சிறுவயதில் அமெரிக்காவுக்கு அழைத்து வரப்பட்டு, ஆவணமின்றி வளர்ந்த இளைஞர்களுக்குக் குடியுரிமைக்கு வழிவிடும் ‘டிரீம்’ மசோதா 2001 முதல் இழுபடுகிறது. 2010இல் கீழவை நிறைவேற்றியது. மேலவையான செனட்டில் 55 பேர் ஆதரித்தும், விவாதத்தை முடிக்கத் தேவையான 60 கிட்டவில்லை. 2018இல் செனட்டர்கள் சிலர், இதற்கு ஈடாகச் சுவர் உள்ளிட்ட எல்லைப் பாதுகாப்புக்கு 2,500 கோடி டாலர் தருவதாகப் பேரம் பேசினார்கள். அப்போதும் 54தான்! பணத்தைக் கூட்டிப் பயனில்லை; கோரிக்கையைச் சுருக்கிப் பார்க்கலாம். குடியுரிமைப் பேச்சைத் தள்ளிவைத்து, யாரும் பறிக்க முடியாத வசிப்புரிமையை முதலில் சட்டமாக்கட்டும். இவர்களை நாடுகடத்தாமல் தள்ளிவைத்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் 2012 ஏற்பாட்டைவிட (டாகா) அது மேல். எச்1பி வேலை விசாக்காரர்களின் பிள்ளைகளும் (நம்மவர்கள் பலர்) 21 வயதில் பெற்றோர் வழி விசாவை இழக்கிறார்கள். அவர்களையும் சேர்த்தால் பெரும்பாலும் எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியினரில் சிலராவது இறங்கி வருவார்கள்.

- ஒரு வாசகர், கோவை