புதியவன் மட்டும் ஏன் முதலில் அனுப்ப வேண்டும்? அமெரிக்க பீர் பரிமாற்ற மூத்தோருக்கு ஒரு திறந்த மடல்

சிறு ஆலைகளின் கிராஃப்ட் பீரைப் பெட்டியிலிட்டு ஒருவருக்கொருவர் அனுப்பி மாற்றிக்கொள்ளும் பரிமாற்றத்தில் பல்லாண்டு பழகிய மூத்த அன்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் வழக்கங்களை உங்களுக்கே விளக்கும் துணிவு எனக்கில்லை. எந்த பீர் எந்த ஊரில் கிடைக்கும், எதற்கு எது ஈடு, எந்த அரிய பீரைத் 'திமிங்கிலம்' என்று அழைக்கலாம் என்பவையெல்லாம் நீங்கள் வகுத்தவை. நான் அவற்றைச் சென்ற கோடையில்தான் கற்றுக்கொண்டேன். அவற்றில் ஒன்றே ஒன்றைக் கைவிடும்படி கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். புதிதாக வருபவர் தம் பெட்டியை முதலில் அனுப்ப வேண்டும், அது வந்து சேர்ந்து, திறந்து பார்த்து, மனம் நிறைந்த பிறகே பழையவர் தம் பெட்டியை அனுப்புவார் என்ற வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இருவரும் ஒரே நாளில் அனுப்பட்டும்.

இந்த வழக்கம் ஏன் வந்தது என்பதை நான் அறியாமலில்லை. முன்பின் தெரியாதவரை நம்பி அனுப்பிவிட்டு, பதில் பெட்டி வராமல் ஏமாந்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அந்த வலி எனக்கும் இப்போது தெரியும். ஆனால் என்னை ஏமாற்றியவர் புதியவர் அல்லர்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்களில் பலர் மதிக்கும் ஒருவர், நூறு பரிமாற்றங்களுக்கு மேல் முடித்தவர். நான் வசிப்பது மாசசூசெட்ஸில், சார்ல்டனிலிருந்து அரைமணி நேரத் தொலைவில். அங்குள்ள ட்ரீ ஹவுஸ் பீர் ஆலை தன் பீரைப் பிற கடைகளுக்குக் கொடுக்காமல் தன் சொந்த இடங்களில் மட்டுமே விற்பதால், எனக்கு எளிதாகக் கிடைக்கும் ஜூலியஸ் என்ற ஐ.பி.ஏ. வகை பீர் வெளிமாநிலத்தவருக்கு அரிய பொருளாகிவிடுகிறது. எனக்கு வேண்டியிருந்தது இண்டியானாவின் மன்ஸ்டரிலுள்ள த்ரீ ஃப்ளாய்ட்ஸ் ஆலை ஆண்டுக்கொரு நாள் விழாவெடுத்து விற்கும் டார்க் லார்ட் என்ற கரிய, கனமான ஸ்டவுட் வகை பீரில் ஒரு பாட்டில். எட்டு கேன் ஜூலியஸுக்கு ஒரு பாட்டில் என்று பேசி முடித்தோம். நான் புதியவன் என்பதால் முதலில் அனுப்பச் சொன்னார். ஒவ்வொரு கேனையும் குமிழித் தாளில் சுற்றி, ஜிப்லாக் பையிலிட்டு, இடுக்குகளில் செய்தித்தாளைத் திணித்து, மூடிய பெட்டியைக் காதருகே குலுக்கிச் சத்தமில்லை என்று உறுதிசெய்த பிறகே அனுப்பினேன். இந்த வட்டத்தில் கொசுறு வைப்பது மரியாதை என்று கேள்விப்பட்டிருந்ததால், வேறு இரண்டு கேன்களையும் சேர்த்து வைத்தேன்.

பெட்டி நான்காம் நாள் சேர்ந்தது. அதன்பின் பதினோரு நாள் பேச்சில்லை. பன்னிரண்டாம் நாள், கேனின் அடியிலுள்ள, பீரை அடைத்த தேதி மூன்று வாரம் பழையதாகிவிட்டது, ஆகவே இதற்கு டார்க் லார்ட் ஈடாகாது என்று எழுதினார். நான் அனுப்பிய அன்று அந்த பீருக்கு வயது ஐந்து நாள். மீதி நாட்களில் நான்கு வழியிலும் பன்னிரண்டு அவர் வீட்டிலும் கழிந்தன. மேலும் சில வாரம் கடந்து எனக்கொரு பெட்டி வந்தது. அதில் என் தெருமுனைக் கடையில் எந்த நாளும் கிடைக்கும் இரண்டு பாட்டில்களும், பரிமாற்ற உலகுக்கு என்னை வரவேற்கும் ஒரு சீட்டும் இருந்தன. பாட்டில்களைக் குடித்துவிட்டேன், சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இழந்த பணம் பெரிதன்று. இந்த வழக்கம் யாருக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது என்பதை அந்தப் பன்னிரண்டு நாட்கள்தாம் எனக்குக் காட்டின. ஹாப்ஸ் என்ற பூவின் மணத்தை நம்பி நிற்கும் ஐ.பி.ஏ., கேனில் அடைத்த நாளிலிருந்தே இறங்கத் தொடங்குகிறது. குளிரில் வைக்காவிட்டால் இன்னும் விரைவாக இறங்கும். ஜூலை மாதத்து லாரிக்குள் நான்கு நாள் கிடந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கனமான ஸ்டவுட்டோ நிலவறையில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும். சிலர் அதற்காகவே அதை வாங்குகிறார்கள். புதியவனிடம் பெரும்பாலும் இருப்பது இந்த வாரத்து ஐ.பி.ஏ. மட்டுமே. (நேற்று வந்தவனிடம் ஐந்தாண்டு பழைய பாட்டில் எப்படி இருக்கும்?) ஆகவே பேரம் முறிந்தால் அவன் சரக்கு திரும்பி வந்தும் பயனில்லை, அது அவன் அனுப்பிய பீராக இருக்காது. நியாயப்படி பார்த்தால் கெடாத சரக்கை வைத்திருப்பவரே முதலில் அனுப்பலாம், திரும்பினாலும் அவருக்கு நட்டமில்லை. அதைக்கூட நான் கேட்கவில்லை. ஒரே நாளில் அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏமாந்தவனுக்கு முறையிட இடமில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். அஞ்சலில் மது அனுப்புவதை 1909ஆம் ஆண்டிலேயே அமெரிக்கச் சட்டம் தடுத்தது. அத்தடை இன்னும் நீங்கவில்லை. தனியார் கூரியர் நிறுவனங்களும் உரிமம் பெற்ற வணிகரிடமிருந்து மட்டுமே மதுவை ஏற்கின்றன. ஆகவே நாம் அனுப்பும் பெட்டிகள் விதியை மீறியவை. உடைந்தால் இழப்பீடு கேட்கவும் முடியாது, வராவிட்டால் புகார் கொடுக்கவும் முடியாது. நானும் அதற்கு உடந்தைதான், மறுக்கவில்லை. ஆனாலும் இந்த நாட்டின் கணக்கு எனக்கு விளங்கவில்லை. ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட சட்டத்தின்படி இரண்டு பெரியவர்கள் வாழும் வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் பீர் வரியின்றிக் காய்ச்சிக்கொள்ளலாம்; அதில் ஒரு பாட்டிலைத் தம்பிக்கு அஞ்சலில் அனுப்பினால் குற்றம். வைன்காரர்கள் 2005இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று, உள்மாநிலத்தவருக்கு அனுமதித்த நேரடி விற்பனையை வெளிமாநிலத்தவருக்கு மறுக்கக்கூடாது என்று தீர்ப்பு வாங்கி வந்தார்கள். இன்று பெரும்பாலான மாநிலங்களில் வைன் வீட்டு வாசலுக்கு வருகிறது. பீரை அப்படி அனுமதிக்கும் மாநிலங்கள் மிகச் சில. வைன் குடிப்பவர் கனவான், பீர் குடிப்பவர் கண்காணிக்கப்பட வேண்டியவர் போலும்.

மன்னியுங்கள், இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பல்லர். நான் சொல்ல வந்தது, சட்டம் துணைக்கு வராத இடத்தில் நாணயம் ஒன்றே காவல் என்பதைத்தான். அந்தக் காவலுக்கான பிணையைப் புதியவனிடம் மட்டும் வாங்கிக்கொண்டு, பழையவரின் நாணயத்தை அவர் முடித்த பரிமாற்றங்களின் எண்ணிக்கையை வைத்தே முடிவுசெய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2011 ஆகஸ்டில் ஐரீன் புயலின் வெள்ளம் வெர்மான்ட்டின் வாட்டர்பரியில் ஆல்கெமிஸ்ட் பீர் ஆலையின் பப்பை அழித்தது. அதே நாட்களில்தான் அவர்களுடைய புதிய கேன் ஆலையிலிருந்து ஹெடி டாப்பர் என்ற பீர் வெளிவரத் தொடங்கியது. அந்தக் கேனைத் தேடித்தான் இந்தப் பழக்கத்துக்கு வந்ததாக உங்களில் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அப்போது உங்களுக்காகச் சான்று சொல்ல யார் இருந்தார்கள்? முகமறியாத ஒருவர் வெர்மான்ட்டிலிருந்து உங்களை நம்பித்தானே கொடுத்தார்?

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். புதியவர் முதலில் அனுப்ப வேண்டும் என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். இருவரும் ஒரே நாளில் அனுப்பட்டும், அன்றே ஒருவருக்கொருவர் பெட்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் எண்ணைத் தெரிவிக்கட்டும். ஒரே ஊருக்குள் இருப்பவர்கள் என்றால் பெட்டியும் வேண்டாம், குமிழித் தாளும் வேண்டாம். நீங்கள் மாதந்தோறும் கூடி, கொண்டுவந்த பாட்டில்களைப் பகிர்ந்து குடிக்கும் பாட்டில் ஷேர்களில், தெரிந்தவர் அழைத்தால்தான் வரலாம் என்ற கதவைக் கொஞ்சம் திறந்துவையுங்கள். கைக்குக் கை மாற்றிக்கொள்ளும்போது யார் முதலில் என்ற கேள்வியே எழாது.

அடுத்த மாதம் வூஸ்டரில் நீங்கள் கூடுவதாகக் கேள்விப்பட்டேன். அழைப்பு வருமானால், எட்டு கேன்களோடு வந்து நிற்பேன். அடியிலுள்ள தேதியைத் தாராளமாகத் திருப்பிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மாசசூசெட்ஸிலிருந்து ஒரு புதியவன்