செங்கடல் வாயிலில் இருப்பது ஒரே நாடு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன் வெளிவந்த பயணக் குறிப்பில், வெள்ளை உப்புக் கரையுடன் கூடிய ஒரு நீலநிற ஏரியின் படத்தின் கீழ் 'சோமாலியாவின் உப்பு ஏரி' என்று அச்சிடப்பட்டிருந்தது. அந்த ஏரி சோமாலியாவில் இல்லை. அது ஜிபூட்டி நாட்டின் அஸ்ஸால் ஏரி. அதே குறிப்பு எரித்திரியா, ஜிபூட்டி, சோமாலியாவின் வடக்கே தனியாட்சி நடத்தும் சோமாலிலாந்து ஆகிய மூன்றையும் 'கடற்கொள்ளையர் பகுதி' என்ற ஒரே சொல்லில் அடக்கி, அங்கே யாரும் போக வேண்டாம் என்று முடித்திருந்தது. படத்தின் பிழையைச் சுட்டிக்காட்ட நான்கு வரி போதும். அந்த ஒரே சொல்லைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் 31 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2008 முதல் 2012 வரை ஏடன் வளைகுடாவைக் கடந்த ஒவ்வொரு முறையும், கப்பலின் விளிம்பு முழுவதும் முள்கம்பிச் சுருள்களைக் கட்டி, தீயணைப்புக் குழாய்களைத் திறந்து இரு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சவிட்டு, போர்க்கப்பல்கள் காவல் காத்த பாதையில் மற்றக் கப்பல்களோடு சேர்ந்து ஓடினோம். இந்திய மாலுமிகள் பலர் மாதக்கணக்கில் பிணையாகக் கிடந்த காலம் அது. என் மனைவி அந்த நாட்களில் தொலைக்காட்சிச் செய்தி பார்ப்பதையே நிறுத்திவிட்டார். ஆகவே அந்த அச்சம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கப்பல்களைப் பிடித்துச் சென்றவர்களின் தளங்கள் எய்ல், ஹோபியோ, ஹரார்தேரே போன்ற ஊர்களில், அதாவது இந்தியப் பெருங்கடலைப் பார்த்த சோமாலியாவின் கிழக்குக் கரையில் இருந்தன. சோமாலிலாந்தோ, பிடிபட்ட கொள்ளையரை ஹர்கெய்சா சிறையில் அடைத்து வைத்த பக்கம். எரித்திரியா இன்னும் வடக்கே, செங்கடலுக்குள் இருக்கிறது. இத்தனை முறை அந்தக் கரையைத் தொலைநோக்கியில் பார்த்தும் ஒருநாளும் அதில் கால் வைத்ததில்லையே என்ற குறை என்னை விடவில்லை. 2020 ஜனவரியில், கொரோனாவுக்குச் சற்று முன், என் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு மும்பையிலிருந்து அடிஸ் அபாபா வழியாகப் புறப்பட்டேன்.

முதலில் எரித்திரியா. தலைநகர் அஸ்மாரா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே, ஸ்வெட்டர் இல்லாமல் மாலையில் வெளியே வர முடியாத குளிரில் இருக்கிறது. 1890 முதல் 1941 வரை ஆண்ட இத்தாலியர் கட்டிய கட்டடங்களுக்காக அந்த நகரத்தை 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஃபியட் தாலியேரோ என்ற பெட்ரோல் நிலையம் 1938-இல் கட்டப்பட்டது. இரு பக்கமும் 15 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் சிறகுகள் கீழே ஒரு தூணும் இல்லாமல் நீண்டிருப்பதைப் பார்த்து, பொறியியல் படித்தவன் என்ற முறையில் நான் அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அதைவிட என்னைக் கட்டிப்போட்டது அந்நாட்டின் ரயில் பாதை. மசாவா துறைமுகத்திலிருந்து மலையேறி 1911-இல் அஸ்மாராவை அடைந்த அந்தப் பாதையின் தண்டவாளங்கள், எத்தியோப்பியாவுடனான நீண்ட விடுதலைப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1993-இல் நாடு விடுதலை பெற்ற பின், ஓய்வு பெற்றிருந்த பழைய ரயில்வே தொழிலாளர்கள் திரும்பி வந்து, வெளிநாட்டுக் கடன் வாங்காமல், அந்தத் தண்டவாளங்களைத் தேடிச் சேர்த்து மீண்டும் பதித்தனர். இப்படி ஒரு செய்தியைப் பயணப் பக்கத்தில் படித்தால் எந்த வாசகருக்கும் அந்த நாட்டின் பெயர் மறக்காது என்று நம்புகிறேன்.

அஸ்மாராவை விட்டு வெளியே போகச் சுற்றுலா அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வழியில் அதைக் கேட்டுப் பார்க்கிறார்கள். மேகத்துக்குள் புகுந்து, கொண்டையூசி வளைவுகளில் இறங்கி, ஒட்டகம் மேயும் வெக்கையில் போய் முடியும் அந்த மசாவா சாலையை, இரண்டு மணி நேரத்தில் மூன்று பருவம் என்று அங்குள்ளவர்கள் சொல்வது பொருத்தம்தான். மசாவாவில் பவளக்கல்லால் கட்டிய துருக்கியர் காலத்து வீடுகள் 1990-இல் விழுந்த குண்டுகளின் காயத்தோடு இன்னும் நிற்கின்றன. மாலையில் மீனை முதுகோடு பிளந்து, மிளகாய்த்தூள் தடவி, ஆழமான மண் அடுப்பில் சுட்டு, ரொட்டியோடு கொடுத்தார்கள். மீன் விஷயத்தில் தூத்துக்குடிக்காரனைத் திருப்திப்படுத்துவது எளிதல்ல, நான் திருப்தியாகச் சாப்பிட்டேன். அந்த ஊருக்குத் தெற்கே அதுலிஸ் என்ற பழந்துறைமுகத்தின் இடிபாடுகள் உள்ளன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, இந்திய இரும்பும் பருத்தித் துணியும் வந்திறங்கிய இடமாக அதுலிஸ் பகுதியைச் சொல்கிறது. பாண்டிய நாட்டு முத்துக்குளிப்புத் துறையாக எங்கள் மாவட்டத்துக் கொற்கையைச் சொல்வதும் அதே குறிப்புதான். ஒரே கப்பலோட்டியின் ஏட்டில் இடம்பெற்ற இரண்டு துறைகளில் ஒன்றைப் பற்றி மற்றொன்றின் பிள்ளைகளுக்கு ஒரு வரிகூடத் தெரியாமல் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனால் எரித்திரியாவை மறைந்து கிடக்கும் சொர்க்கம் என்று யாரேனும் எழுதினாலும் இதே அளவுக்கு வருந்துவேன். விடுதலைக்குப் பின் அங்கே தேசியத் தேர்தல் நடந்ததே இல்லை. 18 மாதம் என்று சட்டம் சொன்ன கட்டாயச் சேவை, 1998-இல் எத்தியோப்பியாவுடன் எல்லைப் போர் தொடங்கிய பின் முடிவில்லாததாகி, இளைஞர்கள் பல்லாயிரக்கணக்கில் உயிரைப் பணயம் வைத்து எல்லை தாண்டி ஓடுகிறார்கள். 2001 செப்டம்பரில் தனியார் பத்திரிகைகள் அனைத்தும் மூடப்பட்டன. அப்போது கைதான டாவிட் ஐசாக் என்ற பத்திரிகையாளர் மீது இன்றுவரை வழக்கு விசாரணையே நடக்கவில்லை. ஒரு பத்திரிகைக்கு எழுதும் கடிதத்தில் இதைச் சொல்லாமல் அஸ்மாராவின் காபியை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காபியை எங்களுக்குக் கொடுத்த வீட்டு அம்மாள், மூன்று சுற்று ஊற்றி, ஆசீர்வாதம் என்று பொருள்படும் மூன்றாவது சுற்றைக் குடிக்காமல் எழுந்திருக்க விடவில்லை. அவருடைய மகன் எங்கே இருக்கிறான் என்று என் மைத்துனர் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் கரியை ஊதினார்.

சோமாலிலாந்து முற்றிலும் வேறு. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து 1960 ஜூன் 26-இல் விடுதலை பெற்று, ஐந்தே நாட்களில் தெற்கே இருந்த இத்தாலியச் சோமாலியாவுடன் இணைந்து, அந்த இணைப்பு உள்நாட்டுப் போரில் முறிந்தபின் 1991 மே 18-இல் தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்ட பகுதி அது. தனி நாணயம், தனிக் கடவுச்சீட்டு, தனிக் காவல்துறை எல்லாம் இருந்தும் இந்தியா உட்பட மிகப் பெரும்பாலான நாடுகள் அதை அங்கீகரிக்கவில்லை. ஆனால் 2024 நவம்பரில் நடந்த தேர்தலில் பதவியில் இருந்த அதிபர் தோற்று, எதிர்க்கட்சி வேட்பாளரிடம் அமைதியாக ஆட்சியை ஒப்படைத்தார். ஹர்கெய்சா நகரின் நடுவே ஒரு மிக் போர் விமானத்தைப் பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். 1988-இல் அதே நகரின் விமான நிலையத்திலிருந்து கிளம்பி அதே நகரின் மேல் சொந்த அரசே குண்டு போட்டதன் நினைவாக அது நிற்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி, தரையில் செங்கல் அடுக்குவதுபோல் நோட்டுக் கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு நாணயம் மாற்றுபவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு டாலருக்கு 8,000-க்கும் மேற்பட்ட ஷில்லிங் என்பதால், இருபது டாலரை மாற்றியவன் பை கொண்டு போக வேண்டும். ஆனால் தேநீர்க்கடையில்கூட மக்கள் கைப்பேசியிலேயே பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

லாஸ் கீல் குகைகளுக்கும் பெர்பெரா துறைமுகத்துக்கும் போக ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது அப்போது அங்கே வெளிநாட்டவருக்கு இருந்த விதி. எங்களுடன் வந்த இளைஞர் என்னை வழி முழுவதும் 'அதீர்' என்று அழைத்தார். சிற்றப்பா, பெரியப்பா முறை அது. 2002-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்த அந்தக் குகை ஓவியங்களின் வயது சுமார் 5,000 ஆண்டுகள் என்று மதிப்பிடப்படுகிறது. யாழ்போல் வளைந்த கொம்புகளும் கழுத்தில் அலங்காரமும் கொண்ட பசுக்களும், அவற்றின் அடியில் கைவிரித்து நிற்கும் மனிதர்களும், நேற்றுத்தான் பூசியதுபோன்ற சிவப்பில் இருக்கிறார்கள். திரும்பும் வழியில் சோறும் ஆட்டிறைச்சியும் வந்தன, கூடவே ஒரு வாழைப்பழம். அதைச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று அந்த இளைஞர் உரித்துக் காட்டினார்.

அங்கிருந்து ஜிபூட்டிக்கு இரவு முழுவதும், பல இடங்களில் சாலையே இல்லாத மணலில், லேண்ட் குரூசரில் போனோம். இடுப்பு வலி உள்ளவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜிபூட்டி சிறிய நாடு, செலவு மிக அதிகம். அமெரிக்கா, பிரான்ஸ், சீனா, ஜப்பான், இத்தாலி ஆகிய ஐந்தும் அங்கே படைத்தளம் வைத்திருக்கின்றன. தாங்கள் படம் வெளியிட்ட அஸ்ஸால் ஏரி கடல் மட்டத்துக்கு 155 மீட்டர் கீழே, ஆப்பிரிக்கக் கண்டத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. உப்பளங்களுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் ஆனாலும், காலடியில் அப்படி நொறுங்கும் உப்பை நான் கண்டதில்லை. 2015-இல் ஏமன் போரிலிருந்து 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர் மீட்கப்பட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் விமானத்திலும் கப்பலிலும் முதலில் வந்து இறங்கிய இடம் ஜிபூட்டிதான். அவர்களில் தமிழகத்தினரும் இருந்தனர். நம்மவர் தஞ்சம் புகுந்த ஒரு நாட்டைக் கடற்கொள்ளையர் பகுதி என்று எழுதுவது நன்றியல்ல.

நான் போனது 2020-இல். அதன்பின் நிறைய மாறிவிட்டது. சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய போரால் அந்நாட்டின் செங்கடல் துறைமுகங்களான போர்ட் சூடான், சுவாக்கின் பக்கம் சுற்றுலா என்ற பேச்சுக்கே இடமில்லை. சோமாலிலாந்தின் கிழக்கே லாஸ் அனோதில் அதே ஆண்டு சண்டை மூண்டது. நாங்கள் போன அடிஸ் அபாபா–அஸ்மாரா விமானம் 2024 செப்டம்பரில் நின்றுபோனது. எந்த நாட்டில், எந்தப் பகுதியில், எந்த மாத நிலவரம் என்று பிரித்து எழுதும் குறிப்புதான் வாசகருக்குப் பயன்படும். அடிஸ் அபாபாவில் தங்கிச் செல்பவர் பத்து நாள் முன்னதாகவே கிண்டி கிங் நிலையம் போன்ற இடத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம், எரித்திரியாவில் ஏ.டி.எம். கிடையாது, பணத்தை டாலராகக் கையில் கொண்டுபோக வேண்டும். சோமாலிலாந்தில் நமக்குத் தூதரகம் இல்லை, ஆகவே கடவுச்சீட்டு தொலைந்தால் உதவி எளிதில் வராது. 'போகாதீர்கள்' என்ற ஒரு சொல்லைவிட இவை அதிக இடம் பிடிக்காது.

அஸ்ஸால் ஏரியின் படத்துக்கு உரிய திருத்தத்தை, ஜிபூட்டி என்ற பெயரோடு, அதே ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கரையைப் பற்றி யாரேனும் விரிவாக எழுத முன்வந்தால், என்னிடம் உள்ள பயணக் குறிப்பேடு இரண்டையும் அனுப்பிவைக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி.